ஒழுக்கம் ஆளுக்கு ஆள் மாறுமா? மாறாத நெறியும் சார்புவாதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உனக்கு அது சரி, எனக்கு இது சரி" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேதத்தைத் தேவனுடைய வார்த்தையாக ஏற்றுக்கொண்ட பழமைவாதக் கிறிஸ்தவனாகத்தான் எழுதுகிறேன், நடுநிலை வேடமெல்லாம் போடப்போவதில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் வலுவான கேள்விகளை ஒதுக்கிவிட்டுப் போகவும் மாட்டேன். அவற்றில் ஒன்றிரண்டு என்னையே இன்னும் உறுத்துகின்றன.

மாறாத நெறி, சார்புவாதம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

சில செயல்கள் யார் செய்தாலும், எந்தக் காலத்தில் செய்தாலும், ஊரே கைதட்டினாலும் தவறுதான் என்பது மாறாத நெறி. குற்றமற்றவனை வேண்டுமென்றே கொல்வது, பிள்ளைகளைச் சீரழிப்பது, பொய்ச்சாட்சி சொல்லி ஒருவனைத் தூக்குக்கு அனுப்புவது எல்லாம் இந்த வகை. சார்புவாதம் இதை மறுக்கிறது. அதிலும் இரண்டு வகை உண்டு. தனிமனிதனின் மனமே அளவுகோல் என்பது ஒன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத் தத்துவவாதி புரோட்டகோரஸ் "மனிதனே எல்லாவற்றுக்கும் அளவுகோல்" என்று சொல்லிவிட்டார், ஆகவே இது ஒன்றும் நவீனக் கண்டுபிடிப்பு இல்லை. சமுதாயமே அளவுகோல், ஒரு சமுதாயம் ஏற்றுக்கொண்டது அந்தச் சமுதாயத்துக்குச் சரி என்பது இன்னொன்று. இன்று படித்தவர்கள் அதிகம் பிடித்துக்கொள்வது இரண்டாவதைத்தான், அதனால் அதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப்போகிறேன்.

நாட்டுக்கு நாடு ஒழுக்கம் மாறுவது கண்ணால் பார்க்கிற விஷயமாயிற்றே. அதுவே போதாதா?

போதாது. மாறுகிறது என்பது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த கதை ஒன்று உண்டு. பாரசீக மன்னன் தாரியு கிரேக்கர்களைக் கூப்பிட்டு, "எவ்வளவு கொடுத்தால் செத்துப்போன உங்கள் தகப்பன்மாரைத் தின்பீர்கள்?" என்று கேட்டான். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள். அப்புறம் தகப்பன்மாரின் உடலைத் தின்னும் வழக்கமுள்ள கல்லத்தியர் என்ற கூட்டத்தாரைக் கூப்பிட்டு, "எவ்வளவு கொடுத்தால் எரிப்பீர்கள்?" என்று கேட்டான். அப்படிப்பட்ட பேச்சே வேண்டாம் என்று அலறிவிட்டார்கள். வழக்கமே எல்லாருக்கும் ராஜா என்று ஹெரோடோட்டஸ் முடிக்கிறார், சார்புவாதிகள் இந்தக் கதையை விடாமல் சொல்லிவருகிறார்கள்.

எனக்கு இந்தக் கதை நேர் எதிராகப் படுகிறது. இரண்டு கூட்டத்தாரும் எதற்காகப் பதறினார்கள்? செத்த தகப்பனை அவமதிக்கக் கூடாது என்பதற்காகத்தான். மரியாதையைக் காட்டுகிற விதம் வேறு, தகப்பனை மதிக்க வேண்டும் என்ற கட்டளை ஒன்று. ராஜா பணம் கொடுத்தும் இரண்டு பக்கமும் யாரும் அசையவில்லை, அதையும் கவனியுங்கள்.

எல்லா வேறுபாட்டையும் இப்படிச் சரிக்கட்டிவிட முடியாது என்பதும் உண்மைதான். தாமஸ் அக்குவினாஸ் என்ற இறையியலாளர் 13ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பேசியிருக்கிறார்: பழைய ஜெர்மானியர் கொள்ளையடிப்பதைத் தவறாக நினைக்கவில்லை என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருப்பதை எடுத்துக்காட்டி, கெட்ட பழக்கமும் ஆசையும் மனிதனின் அறிவையே கெடுத்துவிடலாம் என்கிறார். ஒரு கூட்டமே ஒரு விஷயத்தில் குருடாகிப்போகலாம். அதனால் அந்த விஷயமே இல்லாமல் போய்விடாது. பூமி தட்டை என்று நம்பிய ஊர்களிலும் பூமி உருண்டையாகத்தான் இருந்தது.

சமுதாயம் ஏற்றுக்கொண்டுவிட்டால் அது சரிதானே? வெளியிலிருந்து குறைசொல்ல நாம் யார்?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற இடத்தில் கிடைத்த பாப்பிரஸ் கடிதம் ஒன்று உண்டு. கி.மு. 1ஆம் ஆண்டு, வேலைக்காக அலெக்சாண்டிரியாவில் இருக்கிற ஹிலாரியோன் என்பவர் வீட்டிலிருக்கிற ஆலிஸுக்கு எழுதுகிறார். சின்னவனைப் பார்த்துக்கொள், கூலி கிடைத்ததும் அனுப்பிவைக்கிறேன், உன்னை நான் எப்படி மறப்பேன், கவலைப்படாதே என்றெல்லாம் பாசமாகத்தான் எழுதுகிறார். அதே கடிதத்தில், பிறப்பது ஆணாக இருந்தால் வைத்துக்கொள், பெண்ணாக இருந்தால் போட்டுவிடு என்றும் எழுதியிருக்கிறார். போட்டுவிடு என்றால் வெளியே கொண்டுபோய் விட்டுவிடு என்று அர்த்தம். ஹிலாரியோன் அரக்கன் இல்லை, அவர் காலத்து சமுதாயம் ஏற்றுக்கொண்டதைச் செய்யச் சொன்ன சாதாரண மனிதர்.

சமுதாயமே அளவுகோல் என்றால் அந்தப் பெண் குழந்தைக்கு அநியாயம் எதுவும் நடக்கவில்லை. அதே உலகத்தில் "கருவிலிருக்கும் பிள்ளையைக் கொல்லாதே, பிறந்ததையும் கொல்லாதே" என்று எழுதிவைத்த கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். டிடாக்கே என்ற ஆதிச்சபைக் கையேட்டில் அந்தக் கட்டளை இருக்கிறது. அவர்கள்தான் அப்போது ஊரோடு ஒத்துப்போகாதவர்கள். ரோமப் பேரரசு சிசுக்கொலையைத் தண்டனைக்குரிய குற்றமாக ஆக்கியது கி.பி. 374இல்தான். சார்புவாதத்தின் கணக்குப்படி 373 வரைக்கும் அந்தக் கிறிஸ்தவர்கள்தான் தவறு, பெரும்பான்மை சரி.

அடிமை வியாபாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் வில்பர்போர்ஸ் 1791இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதா 163க்கு 88 என்று தோற்றது. 1807இல் 283க்கு 16 என்று ஜெயித்தது. நடுவில் மாறியது ஓட்டுக்கணக்கு. கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்தவனுக்கு 1791இல் நடந்தது நியாயம், 1807இல் நடந்திருந்தால் அநியாயம் என்று சொல்ல யாருக்காவது வாய்வருமா? சமுதாயத்துக்கு மேலே ஒரு நெறி இருந்தால்தான் "இந்தச் சமுதாயமே தவறு செய்கிறது" என்று ஒருவன் எழுந்து நிற்க முடியும். அப்படி ஒன்று இல்லையென்றால் சீர்திருத்தக்காரன் ஒவ்வொருவனும் வெறும் கலகக்காரன்தான், சீர்திருத்தம் என்ற சொல்லுக்கே பொருள் கிடையாது. மாற்றம் இருக்கும், முன்னேற்றம் இருக்காது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இது ஏட்டுச்சுரைக்காயாக இல்லாமல் நிஜமான சிக்கலாக வந்து நின்றது. நியூரம்பர்க் விசாரணையில், நாங்கள் செய்தபோது இதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் இல்லை, மேலிடத்து உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தோம் என்று நாஜித் தலைவர்கள் தரப்பில் வாதாடினார்கள். உத்தரவு என்பதால் பொறுப்பு நீங்கிவிடாது என்று அந்த நீதிமன்றத்தின் சாசனமே சொன்னது. ஜெர்மனியின் சட்டத்தையும் தாண்டி ஏதோ ஒன்று அந்த மனிதர்களைக் கட்டியிருந்தது என்று ஒப்புக்கொள்ளாமல் அந்தத் தீர்ப்பை எழுதியிருக்கவே முடியாது.

இதில் எனக்கு வியப்பான விஷயம், ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் தயாராகிக்கொண்டிருந்த 1947இல், அமெரிக்க மானுடவியல் சங்கம், நெறிகளெல்லாம் அந்தந்தப் பண்பாட்டைச் சார்ந்தவை, ஒரு பண்பாட்டிலிருந்து எடுத்த பட்டியல் மனிதகுலம் முழுவதற்கும் எப்படிப் பொருந்தும் என்று எச்சரித்து அறிக்கை விட்டதுதான். நியூரம்பர்க் தீர்ப்பு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கலாம், அவ்வளவுதான். காலனி ஆட்சியின் திமிரைக் கண்டு நொந்துபோய்ச் சொன்னார்கள், அந்த நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் காலனி ஆட்சி தவறு என்று எந்த அளவுகோலை வைத்துச் சொல்வார்கள்? ஆள வந்தவனின் பண்பாட்டில் அது சரியாகத்தானே இருந்தது! 1999இல் அந்தச் சங்கமே மனித உரிமைகளை ஆதரித்துத் தனிப் பிரகடனம் வெளியிட்டது.

சார்புவாதம் இருந்தால்தானே மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்வார்கள்?

சகிப்புத்தன்மை எல்லாருக்கும் வேண்டிய நற்குணம் என்றால், ஒரு மாறாத நெறியை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும் என்றால், சகிக்க மாட்டேன் என்கிறவனிடம் சொல்வதற்கு உங்களிடம் ஒன்றுமில்லை. "எல்லாருக்கும் பொருந்துகிற உண்மை எதுவுமே கிடையாது" என்ற வாக்கியமும் இப்படித்தான், அது எல்லாருக்கும் பொருந்துமா என்று கேட்டாலே விழுந்துவிடும். ஆனால் இந்த வாதத்தை வைத்து யாரையும் மடக்கி நான் பெரிதாக ஒன்றும் சாதித்ததில்லை, எதிரில் இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும்.

அப்படியானால் தேவனை நம்பாதவர்கள் நல்லவர்களாக இருக்க முடியாதா?

தாராளமாக இருக்க முடியும். நம்மைவிட நல்லவர்களாகவும் இருக்கிறார்கள். வேதமே இதைச் சொல்கிறது. ஆதியாகமம் 20இல் ஆபிரகாம் கேராருக்குப் போய், "இவ்விடத்தில் தெய்வபயம் இல்லை" என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டு, மனைவியைச் சகோதரி என்று சொல்லிவிடுகிறான். கடைசியில் நீதியாய் நடந்துகொண்டவன் அபிமெலேக்கு என்ற அந்நிய ராஜா, அவனிடம் திட்டு வாங்கியவன் விசுவாசிகளின் தகப்பன். செய்யத்தகாததை எனக்குச் செய்துவிட்டாயே என்று ஒரு புறஜாதியான் தீர்க்கதரிசியைக் கேட்கிறான்! நாத்திகர்களைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிற நம்முடைய ஆட்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

காரணத்தைப் பவுல் ரோமர் 2:14, 15இல் சொல்கிறார்: நியாயப்பிரமாணம் கையில் இல்லாதவர்களின் இருதயத்திலும் அதன் கட்டளை எழுதியிருக்கிறது, மனசாட்சி சாட்சி சொல்கிறது. நெறியை அறிந்துகொள்ள தேவனை நம்ப வேண்டும் என்பது எங்கள் வாதமே இல்லை. அந்த நெறி எதன்மேல் நிற்கிறது என்பதுதான் கேள்வி. பரிணாமத்தால் இரக்க உணர்வு வந்தது, அது கூட்டத்தைக் காப்பாற்றியது என்று ஒருவர் விளக்கலாம். அந்த உணர்வு எப்படி வந்தது என்பதற்கு அது விளக்கமாக இருக்கலாம். அதற்கு நான் ஏன் கீழ்ப்படிய வேண்டும், கொடூரமும் அதே வழியில்தானே வந்தது, இரண்டில் இரக்கத்தை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு அங்கே பதில் இல்லை. ஜே. எல். மேக்கி என்ற நாத்திகத் தத்துவவாதி 1977இல் இதை நேர்மையாகவே ஒப்புக்கொண்டார். மனித மனத்துக்கு வெளியே ஒழுக்க மதிப்புகள் இல்லவே இல்லை, அப்படி இருந்தால் உலகத்திலுள்ள வேறெதையும் போல இல்லாத விநோதப் பொருளாகத்தான் அவை இருக்க வேண்டும் என்றார். அந்த விநோதத்தைப் பார்த்து அவர் ஒரு பக்கம் போனார், நாங்கள் இன்னொரு பக்கம் போகிறோம்.

தேவன் இல்லாமலேயே மாறாத நெறி இருக்கிறது என்று வாதாடுகிற நாத்திகர்களும் உண்டு. கணித உண்மைகள் யாரும் உண்டாக்காமல் இருப்பதுபோல ஒழுக்க உண்மைகளும் இருக்கின்றன என்பார்கள். சார்புவாதத்தை எதிர்ப்பதில் அவர்கள் எங்கள் பக்கம்தான். ஆனால் கணிதம் யாரையும் குற்றவாளி என்று சொல்வதில்லை. மனசாட்சி சொல்கிறது.

தேவன் கட்டளையிட்டதால் நல்லதா, நல்லதாக இருப்பதால் கட்டளையிட்டாரா?

சாக்ரடீஸ் யூத்திஃப்ரோவிடம் கேட்டதாக பிளேட்டோ எழுதிய கேள்வி இது. முதலாவதைச் சொன்னால், தேவன் நாளைக்கே கொலையைப் புண்ணியமாக்கலாம் என்றாகிறது. இரண்டாவதைச் சொன்னால், தேவனுக்கு மேலே ஒரு சட்டம் இருப்பதாக ஆகிறது. சபை நெடுங்காலமாகச் சொல்லிவருகிற பதில், நன்மை என்பது தேவனுடைய சுபாவமே என்பது. தனக்கு வெளியே எங்கும் பார்த்து அவர் கட்டளையிடுவதில்லை, தோன்றியபடியும் கட்டளையிடுவதில்லை. தீத்து 1:2 அவரைப் "பொய்யுரையாத தேவன்" என்கிறது. மல்கியா 3:6இல் "நான் கர்த்தர், நான் மாறாதவர்" என்கிறார். அவரால் செய்ய முடியாதவை உண்டு, தம்மை மறுதலிப்பது அதில் ஒன்று.

அப்படியானால் ஆபிரகாமிடம் மகன் ஈசாக்கைப் பலியிடச் சொன்னது? இஸ்ரவேலரிடம் கானான் தேசத்து ஜனங்களை அழிக்கச் சொன்னது?

நான் ஆரம்பத்தில் உறுத்துகிறது என்றேனே, அது இதுதான்.

ஈசாக்கு விஷயத்தில் ஓரளவுக்குத் தெளிவாகப் பேச முடியும். பிள்ளையைப் பலியிடுவது சுற்றியிருந்த ஜனங்களிடம் இருந்த வழக்கம். ஆதியாகமம் 22இல் தேவன் ஆபிரகாமின் கையைத் தடுத்து ஆட்டுக்கடாவைக் காட்டுகிறார். பிற்பாடு எரேமியா 19:5இல், பிள்ளைகளை எரிப்பதை நான் கட்டளையிடவுமில்லை, அது என் மனதில் தோன்றவுமில்லை என்று அவரே சொல்கிறார். கதையை மலையேறுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, தேவன் இப்படிக் கேட்பாரா என்று கேட்பது சரியில்லை. அதற்காக அந்த மூன்று நாள் பயணம் லேசாகிவிடவும் இல்லை.

கானான் கடினம். எங்கள் தரப்பு பதில் இப்படிப் போகும்: உயிரைக் கொடுத்தவருக்கு உயிரை எடுக்க உரிமை உண்டு, மனிதனுக்கு அது இல்லை. ஆதியாகமம் 15:16இன்படி கானானில் வாழ்ந்த எமோரியரின் அக்கிரமம் நிறைவாகும்வரை நான்கு தலைமுறை அவர் காத்திருந்தார். இஸ்ரவேலரின் நீதியினிமித்தம் தேசத்தைக் கொடுக்கவில்லை என்று உபாகமம் 9 அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறது. அதே பாவங்களைச் செய்தபோது அதே தேசம் அவர்களையும் கக்கியது, கி.மு. 722இல் சமாரியா விழுந்தது, 586இல் எருசலேம். இது இனத்தின்மேல் விழுந்த தீர்ப்பு இல்லை என்பதற்கு உயிர்தப்பிய கானானியப் பெண் ராகாப் இருக்கிறாள், அவள் பெயர் இயேசுவின் வம்ச அட்டவணையிலேயே இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும் அங்கிருந்த குழந்தைகளை நினைத்தால் எனக்கு வாய் அடைத்துப்போகிறது. போர்க்கால மிகைப்பேச்சாக அந்தப் பகுதிகளை வாசிக்கிற வேத அறிஞர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது, ஆனால் முழுவதையும் அது தீர்த்துவிடாது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: அந்தக் கட்டளை ஒரு ஜனத்துக்கு, ஒரு காலத்தில், ஒரு எல்லைக்குள் கொடுக்கப்பட்டது. பட்டயத்தை உறையில் போடு என்று இயேசு பேதுருவிடம் சொன்ன பிறகு, தேவன் சொன்னார் என்று வாளெடுக்க எந்தக் கிறிஸ்தவனுக்கும் உரிமை கிடையாது. எடுத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பாவம் செய்தார்கள்.

ஒருவனைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா? அங்கேயே உங்கள் மாறாத நெறி உடைந்துவிடுகிறதே!

கதவைத் தட்டுகிற கொலைகாரன், உள்ளே ஒளிந்திருக்கிற அப்பாவி. ஆதிச்சபை இறையியலாளர் அகஸ்டின் பொய்யைப் பற்றி இரண்டு தனி நூல்களே எழுதி, எந்தப் பொய்யும் பாவம்தான், உயிரைக் காப்பதற்குக்கூடக் கூடாது என்று முடித்தார். 1797இல் ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட்டும் அதையே சொன்னார். ஆனால் யாத்திராகமம் 1இல் எபிரெய மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் பார்வோனிடம் கதைவிட்டுக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறார்கள், தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று வேதம் சொல்கிறது. பொய்க்காக அல்ல, தெய்வபயத்துக்காகத்தான் நன்மை செய்தார் என்பது அகஸ்டினின் பதில்.

பழமைவாதிகளுக்குள்ளேயே மூன்று கருத்து உண்டு. பொய் சொல்லாமலே காப்பாற்ற வழி இருக்கும், கர்த்தர்மேல் பாரத்தைப் போடு என்பவர்கள் ஒரு பக்கம். பொய் சொல்லிவிட்டு அப்புறம் மன்னிப்புக் கேள் என்பவர்கள் இன்னொரு பக்கம். கட்டளைகளுக்குள் பெரிது சிறிது உண்டு, பெரியதைக் காக்கிறபோது சிறியதை மீறுவது பாவமாகாது என்பவர்கள் மூன்றாவது. நான் மூன்றாவது பக்கம்தான் சாய்கிறேன். நியாயப்பிரமாணத்தில் "விசேஷித்தவை" எவை என்று இயேசுவே மத்தேயு 23:23இல் வரிசைப்படுத்துகிறார்.

நெதர்லாந்தில் ஹார்லெம் நகரத்தில் கடிகாரக் கடை வைத்திருந்த டென் பூம் குடும்பம் யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்தது. 1944 பிப்ரவரி 28 அன்று பிடிபட்டார்கள். வயதான தகப்பன் காஸ்பர் பத்து நாளில் காவலில் இருக்கும்போதே இறந்தார், மகள் பெட்சி அதே வருடம் டிசம்பரில் ராவன்ஸ்புரூக் முகாமில் இறந்தார். சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர்கள் அன்றைக்கு அகப்படவில்லை. இவர்களைச் சார்புவாதிகள் என்று யாராவது சொல்வார்களா? அப்பாவியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற நெறி மாறாதது என்று நம்பியதால்தான் உயிரையே கொடுத்தார்கள். சூழ்நிலையைப் பார்த்து எந்தக் கட்டளை இங்கே பேசுகிறது என்று கண்டுபிடிப்பது ஒன்று, சூழ்நிலையே கட்டளை என்பது வேறு.

இறாலும் கலப்பு நூல் துணியும் தடை என்று பழைய ஏற்பாட்டில் இருக்கிறதே, அதையெல்லாம் ஏன் விட்டுவிட்டீர்கள்?

வசதிக்காக விடவில்லை. அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் கூடி, புறஜாதி விசுவாசிகள்மேல் மோசேயின் நியமங்களைச் சுமத்த வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். மாற்கு 7இல் இயேசு போஜனத்தைப் பற்றிய பேச்சையே மாற்றிப்போட்டார். பலி, சுத்தம், ஆகாரம் பற்றிய சடங்குச் சட்டங்கள், இஸ்ரவேல் என்ற தேசத்தை நடத்திய நீதிச் சட்டங்கள், பத்துக் கட்டளை போன்ற ஒழுக்கச் சட்டம் என்று 1640களில் எழுதிய வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை பிரித்துக் காட்டுகிறது. முதலாவது கிறிஸ்துவில் நிறைவேறியது, இரண்டாவது அந்தத் தேசத்தோடு முடிந்தது, மூன்றாவது எல்லாரையும் கட்டும். எல்லா வசனமும் இந்த மூன்று பெட்டிக்குள் ஒழுங்காக அடங்கிவிடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

"நியாயந்தீர்க்காதிருங்கள்" என்று இயேசுவே சொன்னாரே?

மத்தேயு 7:1. அடுத்த நான்கு வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். முதலில் உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடு, பின்பு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்று முடிகிறது. துரும்பே இல்லை என்று அவர் சொல்லவில்லை. யோவான் 7:24இல் "நீதியின்படி தீர்ப்புசெய்யுங்கள்" என்றும் சொல்கிறார். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை என்றார், இனிப் பாவஞ்செய்யாதே என்றும் சொன்னார். ஒரு கூட்டம் முதல் பாதியை மட்டும் சொல்லும், நம்முடைய கூட்டம் இரண்டாவது பாதியை மட்டும் சொல்லும்.

திருமணம், பாலுறவு விஷயத்திலாவது காலத்துக்கு ஏற்ப மாறக்கூடாதா?

மாட்டோம் என்பதுதான் எங்கள் பதில். மத்தேயு 19இல் இயேசு விவாகரத்துக் கேள்விக்குத் தம் காலத்து வழக்கத்திலிருந்து பதில் சொல்லவில்லை. மோசேகூட ஜனங்களின் இருதயக் கடினத்தினால்தான் இடங்கொடுத்தார், ஆதிமுதலாய் அப்படியிருக்கவில்லை என்று படைப்புக்கே திரும்பிப்போகிறார். ஆணும் பெண்ணும் ஒரே மாம்சமாவது திருமணம், பாலுறவு அதற்குள் மட்டும் என்று நாங்கள் நம்புவது அங்கிருந்துதான்.

ஆனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, அந்த அதிகாரத்தில் இயேசு நேரடியாகக் கண்டித்தது விவாகரத்தை. ஒருபாலினச் சேர்க்கையைப் பற்றி வாரம் தவறாமல் பிரசங்கிக்கிற சபை, தன் ஊழியக்காரரின் கள்ளத்தொடர்பையும் செல்வாக்குள்ள மூப்பரின் வீட்டு அடிதடியையும் மூடி மறைத்தால், அங்கே மாறாத நெறி எதுவும் இல்லை, சபைக்கு ஏற்றாற்போல மாறுகிற நெறிதான் இருக்கிறது. இரண்டு, 1 கொரிந்தியர் 5:12இல் புறம்பே இருக்கிறவர்களைக்குறித்துத் தீர்ப்புச்செய்கிறது என் காரியமா என்று பவுல் கேட்கிறார். இந்த நெறி முதலில் சபைக்குள் இருக்கிறவர்களைக் கட்டுவது. வெளியே இருப்பவரைக் கேலிசெய்யவும் துன்புறுத்தவும் அதில் ஒரு வரியும் கிடையாது, அவர்களும் தேவசாயலில் படைக்கப்பட்டவர்கள்.

கிறிஸ்தவர்களே வேதத்தைக் காட்டி அடிமைமுறையை ஆதரித்தார்களே. எங்கே போயிற்று உங்கள் நெறி?

ஆதரித்தார்கள். சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் சுவிசேஷ பிரபல்ய சங்கமே பார்பேடோஸ் தீவின் காட்ரிங்டன் தோட்டங்களில் அடிமைகளை வைத்திருந்தது, 2006இல்தான் அந்தத் திருச்சபையின் பொதுச்சபை மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவின் தென்பகுதி பாப்டிஸ்ட் மாநாடு 1845இல் தனியாகப் பிரிந்ததே அடிமை வைத்திருப்பவர்கள் மிஷனரியாகலாமா என்ற சண்டையில், 1995இல் மன்னிப்புத் தீர்மானம் போட்டது.

அவர்கள் கையிலிருந்த அதே வேதத்தில், மனிதனைத் திருடி விற்பவன் கொலைசெய்யப்பட வேண்டும் என்று யாத்திராகமம் 21:16 இருந்தது. மனுஷரைத் திருடுகிறவர்களைப் பாவிகளின் பட்டியலில் சேர்த்த 1 தீமோத்தேயு 1:10 இருந்தது. 4ஆம் நூற்றாண்டிலேயே நிசாவின் கிரெகோரி என்ற பிஷப், தேவசாயலை யார் விலைபேச முடியும் என்ற வாதத்தோடு அடிமைமுறையைப் பிரசங்கத்தில் கிழித்தெடுத்திருக்கிறார். அந்தச் சபைகள் தங்கள் சமுதாயத்தின் வழக்கத்துக்கு வேதத்தை வளைத்தன. சார்புவாதம் செய்வதும் அதைத்தான், அவர்கள் அதற்குப் பக்திப் போர்வை போர்த்தினார்கள். அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல முடிவதே அவர்கள் கையிலிருந்த புத்தகம் அவர்களைவிட மேலே நிற்பதால்தான்.

பழமைவாதிகள் சொல்கிற எல்லாமே மாறாத கட்டளையா?

இல்லை. இந்த விஷயத்தில் எங்கள் ஆட்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். எந்த வாத்தியம் வாசிக்கலாம், எந்த உடை உடுத்தலாம், ஓய்வுநாளில் என்னென்ன கூடாது என்பதையெல்லாம் பத்துக் கட்டளைக்குச் சமமாக வைத்துவிடுகிறார்கள். ரோமர் 14இல் ஆகாரம், விசேஷ நாள் பற்றிய சண்டைக்கு, அவனவன் தன் மனதில் முழு நிச்சயத்தோடு நடக்கட்டும் என்று பவுல் விட்டுவிடுகிறார். அதே பவுல் 1 கொரிந்தியர் 5இல் தகப்பன் மனைவியை வைத்துக்கொண்டவன் விஷயத்தில் ஒரு அடிகூட விட்டுக்கொடுக்கவில்லை. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாத வீட்டில் வளர்கிற பிள்ளைகள், தலைமுடி பற்றிய சட்டம் அபத்தம் என்று ஒருநாள் கண்டுபிடிக்கும்போது, கூடவே சொல்லிக்கொடுத்த மற்றதையும் தூக்கியெறிந்துவிடுகிறார்கள். அவர்களைச் சார்புவாதிகளாக்கியது பல்கலைக்கழகம் இல்லை, நாம்தான்.

"எது சரி என்று நீ யார் சொல்ல?" என்று கேட்கிற நண்பரிடம் எங்கிருந்து தொடங்குவது?

வசனத்திலிருந்து தொடங்காதீர்கள், அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் எதற்குக் கோபப்படுகிறார் என்று பாருங்கள். எல்லாம் அவரவர் பார்வை என்பவரும், தன் உழைப்பை மேலாளர் திருடிக்கொண்டால் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்வதில்லை, "அநியாயம்" என்கிறார். அந்த அநியாயம் மேலாளரையும் கட்டுமா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே நீங்களே பதில் சொல்லாமல் அவரைப் பேச விடுங்கள். பேச்சு போகிற போக்கில், உன் சபை இன்னாருக்குச் செய்தது மட்டும் நியாயமா என்று அவர் திருப்பிக் கேட்கலாம், பெரும்பாலும் கேட்பார். கேட்டால் சபைக்காக வக்காலத்து வாங்காதீர்கள், நடந்தது அநியாயமாக இருந்தால் அநியாயம் என்றே சொல்லிவிடுங்கள், அந்த இடத்திலிருந்து பேச்சைத் தொடருங்கள்.